அறுபத்து நான்கில் நின்ற எண்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீஸில் ஜன்னலோர நாற்காலியில் இப்போது உங்களில் யார் உட்கார்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதன் இடது கைப்பிடி ஆடும். அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஆட்டத்துக்குப் பழகிக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து, "சார், லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரே கிளிக்ல இன்ஸ்டால் ஆகற முறையை நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்களாமே, எப்படி செஞ்சீங்க?" என்று கேட்டார். எப்படிச் செய்தேன் என்பது ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். முதன்முதலாக அதைச் சோதித்துப் பார்த்த அன்று நான் அடித்த கூத்து எந்த ஃபைலிலும் இல்லை. மானம் போய்விடும் என்று அப்போது எழுதாமல் விட்டேன். வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை இரண்டு முறை படிக்கிறவனுக்கு இனி என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது?

நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் வாயில் அது ஹேச்சரி. அங்கே முட்டைகளைப் பதினெட்டு நாள் ஓர் இயந்திரத்தில் வைத்திருந்து, கடைசி மூன்று நாளைக்கு ஹேச்சர் என்ற வேறோர் இயந்திரத்துக்கு மாற்றுவார்கள். அதற்குள்தான் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஹேச்சரின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு கம்பி வழியாக வாங்கி, ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவது நாம் எழுதிய புரோகிராம். ஏதாவது ஏறுமாறாகப் போனால் அது மணி அடிக்கும். அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக நாம் போட்டுக் கொடுத்தது லினக்ஸ்.

இதில் எனக்கு இருந்த தலைவலி, அங்கே உள்ளே போவது. நோய் பரவிவிடும் என்று ஒரு ஹேச்சரிக்குப் போனவனை அன்றைக்கு இன்னொரு ஹேச்சரியில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். வீட்டில் கோழி வளர்க்கிறாயா, நேற்று எங்கே போயிருந்தாய் என்று வாட்ச்மேன் போலீஸ் மாதிரி விசாரிப்பார். அதையும் தாண்டி இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக வேண்டுமென்றால் தலைக்குக் குளித்து, அவர்கள் கொடுக்கும் துணியை மாற்றிக்கொண்டு போக வேண்டும். காலையில் வீட்டில் குளித்துவிட்டுக் கிளம்பி, பதினோரு மணிக்கு ராசிபுரத்தில் மறுபடி குளித்த கம்ப்யூட்டர்காரன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புரோகிராமில் ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் நாளுக்கு ஓர் ஊர் என்று பஸ் ஏறி இறங்க, எல்லாரையும் முடிக்க மூன்று வாரம் ஆகும். அங்கே இருப்பவர்களையே செய்யச் சொல்லலாம் என்றால், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொன்னதும் பயந்துவிடுவார்கள். "சார், இது ஏதோ கேக்குது, ஆமாங்கட்டுமா வேண்டாங்கட்டுமா?" என்று போனிலேயே அழுதவர்கள் உண்டு.

அதனால்தான் ஒரே கிளிக் என்ற யோசனையைக் கையில் எடுத்தேன். லினக்ஸிலும் இப்போது கடை மாதிரி ஒரு பக்கம் வந்துவிட்டது. படத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் புரோகிராம் தானே இறங்கி, தானே உட்கார்ந்துகொள்ளும். அதுவும் தனக்கென்று ஓர் அடைத்த பெட்டிக்குள் உட்காரும். அனுமதி கொடுக்காமல் வெளியே எதையும் தொடாது, வெளியே இருப்பதும் அதைத் தொடாது. குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்கிற ஹேச்சரிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு மாதம் உட்கார்ந்து நம் புரோகிராமை அந்த முறைக்கு மாற்றினேன். என் லேப்டாப்பில், முன்னால் பதிவுசெய்து வைத்திருந்த அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது.

முதல் சோதனைக்கு ராசிபுரம் தாண்டி இருந்த ஒரு சின்ன ஹேச்சரியைத் தேர்ந்தெடுத்தேன். முதலாளி நல்ல மனுஷர், கொஞ்சம் படபடப்புக்காரர். ஆபீஸ் வேலைகளைப் பார்த்தவர் ஈஸ்வரி என்கிற அம்மாள். ஆனால் அந்த இடத்தை உண்மையில் ஓட்டியது அங்கிருந்த சூபர்வைசர். முப்பது வயதுப் பெண், என் மகளைவிட இளையவர். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று பிற்பாடு என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார், ஆகவே சூபர்வைசர் என்றே எழுதுகிறேன். முந்தைய கோடையில் அங்கே இரண்டாம் நம்பர் ஹேச்சரின் விசிறி நின்று, யாரும் கவனிக்காமல், ஹேச்சர் நிறைய இருந்த குஞ்சுகள் உள்ளேயே வெந்து செத்துப் போயின. பழைய இயந்திரம், அதற்கென்று தனி மணி கிடையாது. வெயில் ஏறி வோல்டேஜ் இறங்கினால் அந்த விசிறி நின்றுவிடும். குஞ்சுகள் செத்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டு இந்தக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது மணி அடிக்கும், சூபர்வைசர் ஓடுவார், விசிறி சுற்றும்.

அன்று காலை, வருகிறேன் என்று போனில் சொன்னபோதே அவர் கேட்டுக்கொண்டார்.

"சார், ரெண்டாம் நம்பர்ல இன்னிக்கு இருவதாம் நாளுங்க. நாளைக்குக் குஞ்சு எறக்கிருவோம். நாளான்னிக்கு மெஷினு காலியாயிருமுங்க, அப்ப வந்தீங்கன்னா நிம்மதியாப் பாக்கலாமுங்க."

"ஒரே ஒரு கிளிக்தானம்மா. உங்க மெஷினை நான் தொடவே போறதில்ல" என்றேன்.

ஓய்வு பெற எனக்கு அப்போது ஐந்து மாதம்தான் இருந்தது. போவதற்குள் இதைச் செய்து காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு. அந்தப் பெண் கேட்டது இரண்டே இரண்டு நாள். அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் அறையில் முதலாளி, ஈஸ்வரியம்மாள், சூபர்வைசர் மூவரும் நின்றார்கள். பழைய புரோகிராமும் புதியதும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளக் கூடாது என்று பழையதை முதலில் நீக்கினேன். அளவுகள் பதிந்த ஃபைலை மட்டும் விட்டுவிட்டுச் சுத்தமாக நீக்கினேன். பிறகு ஈஸ்வரியம்மாளை உட்கார வைத்து, பொத்தானைக் காட்டி, அழுத்தச் சொன்னேன்.

"இதுதானுங்களா? அமுக்கட்டுங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினார்.

ஒரு பட்டை நகர்ந்து முடிந்தது. புதிய திரை திறந்தது. மேலே கடிகாரம் ஓடியது. கீழே பச்சை எழுத்தில் வெப்பம், அதற்குப் பக்கத்தில் ஈரப்பதம் அறுபத்து நான்கு. ஈஸ்வரியம்மாள் கண்ணைத் திறந்து, "ஆயிருச்சுங்களா? நானா பண்ணுனேன்?" என்று சிரித்தார். முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் நான் சேலத்தில் உட்கார்ந்தபடியே இந்த ஜில்லா முழுவதையும் எப்படி ஆளப் போகிறேன் என்று அரை மணி நேரம் பேசினேன். இடையில் வேறு மாநிலங்களிலும் இதைக் கேட்பார்கள் என்று சொன்னதாக ஞாபகம்.

சூபர்வைசர் மட்டும் டீயைத் தொடவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் சார், இது நகரவே மாட்டேங்குதே."

"எதும்மா?"

"ஈரம். நீங்க தொறந்தப்ப அறுவத்தி நாலு. இப்பவும் அறுவத்தி நாலு."

"நல்லதுதானே, ஸ்டெடியா இருக்கு" என்றேன். சொன்னது நான்தான், மறைக்கவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கேட்டதை நம்பாத பார்வை. "நிக்காதுங்க சார். இருவதாம் நாளு குஞ்சு ஓட்டைக் கொத்தி வெளிய வரும், ஒடம்பெல்லாம் ஈரமா இருக்கும். அந்த ஈரம் ஏறிட்டேதான் இருக்கோணும். அர மணி நேரமா ஒரே நம்பர்ல நிக்குதுன்னா, இது ஹேச்சரப் பாக்கலீங்க. வேற எதையோ பாத்துட்டு நிக்குது."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அனுமதி கொடுக்காமல் வெளியே எதையும் தொடாது என்று நான் மெச்சிய அந்தப் பெட்டி, ஹேச்சரிலிருந்து வரும் கம்பியையும் தொடவில்லை. அளவுகள் பதிந்த ஃபைலுக்கு அனுமதி கொடுத்திருந்த நான், கம்பிக்குக் கொடுத்து வைக்கவில்லை. என் லேப்டாப்பில் கம்பியே இல்லாமல் பழைய அளவுகளை வைத்துச் சோதித்ததால் இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. புதிய அளவு கிடைக்காத புரோகிராம், பழையது கடைசியாகப் பதிந்து வைத்திருந்த அளவை எடுத்துப் பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. ஹேச்சரில் என்ன நடந்தாலும் இனி மணி அடிக்காது. மணி அடிக்கத் தெரிந்த பழைய புரோகிராமை நானே என் கையால் நீக்கியிருந்தேன். வெளியே வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

"ரெண்டே நிமிஷம் குடுங்க, சரிபண்ணிடறேன்" என்று கீபோர்டை இழுத்தேன்.

"நீங்க பண்ணுங்க சார். நான் உள்ள போறேன்."

சொல்லும்போதே அவர் குளியலறைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். குஞ்சு இறக்கும் வரை அந்த அறையில் ஆள் இருக்கமாட்டார்கள். வேறு யாரையாவது கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லவும் வழியில்லை. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"குளியலு கிடக்குது சாமி! சும்மா ஓடு! போன தடவ ஆன மாதிரி ஆயிரப் போவுது!"

சூபர்வைசர் நின்று திரும்பினார். "பக்கத்து அறையில பதினெட்டு நாளு மெஷினு முட்டையெல்லாம் இருக்குதுங்க. இதைக் காப்பாத்தப் போயி அதுக்கு நோவு கொண்டுபோய் உட்டுட்டேன்னா? அஞ்சே நிமிஷமுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அந்த ஐந்து நிமிஷத்தைப் போல நீளமான ஐந்து நிமிஷம் என் சர்வீஸில் வேறு இல்லை. புதியதற்கு அனுமதி கொடுத்துப் பார்ப்பதா, பழையதைத் திரும்பப் போடுவதா? கை தானாகப் புதியதை நோக்கிப் போனது. நான் பெற்ற பிள்ளை ஆயிற்றே, எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்கிற வெறி. பாதி அடித்துவிட்டு நிறுத்தினேன். இது ஓடினாலும் சரியாகத்தான் காட்டுகிறது என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? அந்தத் திரையைப் பார்த்து அரை மணி நேரம் ஏமாந்தவன் நான்தானே. அடித்ததை அழித்துவிட்டு, பையிலிருந்த பென் டிரைவைத் துழாவி எடுத்து, கறுப்புத் திரையைத் திறந்து பழையதைப் போடத் தொடங்கினேன். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாம் முறை ஈஸ்வரியம்மாள்தான், "நவுருங்க சார், நான் அடிக்கிறேன்" என்று வாங்கி அடித்தார்.

அப்போது மேஜைமேல் இருந்த போன் அடித்தது. உள் அறையிலேயே வைத்திருக்கும் போனிலிருந்து சூபர்வைசர் கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"வெசிறி நின்னு கெடக்குதுங்க!"

முதலாளி, "ஐயோ" என்று தலையில் கை வைத்தார். "கதவத் தெற சாமி, சூடு வெளிய போகட்டும்!"

"வேண்டாமுங்க. இருங்க... சுவிட்சு வெளியதான் இருக்குது." டக் என்று ஒரு சத்தம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி டக். அதன் பின் தூரத்தில் ஏதோ உறுமிச் சுழலத் தொடங்குவது கேட்டது. "சுத்துது. சுத்துதுங்க. கதவுல இருக்கற சூட்டு முள்ளு இப்பத்தான் ஏற ஆரம்பிச்சுருக்குது, நின்னு ரொம்ப நேரம் ஆயிருக்காது. கதவத் தெறந்தோம்னா ஈரம் போயி, குஞ்சு ஓட்டோட ஒட்டிக்குமுங்க. கண்ணாடி வழியாப் பாக்கறேன், இருங்க."

நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 

"தெரிய மாட்டேங்குது, கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. போனக் கதவோரமா வெக்கறேன், கேளுங்க."

முதலில் விசிறியின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அதற்கு அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று, ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு பள்ளிக்கூடம் முழுக்க இன்டர்வல் விட்ட மாதிரி, ஆயிரக்கணக்கில் சத்தம் வந்தது. முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஈஸ்வரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கம்ப்யூட்டருக்காக நான் அழுததில்லை. அன்றைக்கு ஒரு டீ டம்ளர் உயரம்கூட இல்லாத அந்த ஜீவன்களின் சத்தத்தைக் கேட்டு, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

"கேக்குதுங்களா சார்?" என்றார் சூபர்வைசர்.

"கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

பழைய புரோகிராம் ஒரு மணிக்கு ஓடத் தொடங்கியது. அதுவரை அவர் வெளியே வரவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை கதவிலிருந்த ஈரப்பத அளவைப் போனில் சொன்னார், நான் ஒரு தாளில் எழுதினேன். எழுபது. எழுபத்து இரண்டு. எழுபத்து ஐந்து. பழைய புரோகிராம் திறந்ததும் திரையில் எழுபத்து ஆறு வந்தது. அதே நேரத்தில் அவரும் போனில், "எழுவத்தாறுங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். என் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

கிளம்பும்போது அவரிடம், "தப்பு என்னுதும்மா. நீங்க நாளான்னிக்கு வரச் சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றேன்.

"உடுங்க சார், குஞ்சுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நம் புரோகிராமில் சில பழக்கங்கள் இருக்கின்றன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நிமிஷம் புதிய அளவு வராவிட்டால் எண் மறைந்து வெறும் கோடு வரும், மணி அடிக்கும். புதியதை ஏற்றினாலும் பழையது ஒரு முழுப் பொரிப்பு முடியும் வரை கூடவே ஓடும். ஹேச்சரில் முட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்கும், இருக்கிறது என்றால் இன்ஸ்டால் பொத்தான் அழுந்தாது. இதையெல்லாம் பார்த்து, கிழவன் என்ன இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக எழுதி வைத்திருக்கிறான் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் எதையும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் முதலில் ராசிபுரத்துக்குப் போய், தலைக்குக் குளித்து, அந்த ஹேச்சர் கதவுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து எடுங்கள்.

திருத்தி முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இந்த முறை நாளைக் குறிக்க நான் வாயே திறக்கவில்லை. சூபர்வைசர்தான் சொன்னார்: "செவ்வாக்கெழமைங்க சார். அன்னிக்கு ரெண்டாம் நம்பரு காலி. நீங்க வர வேண்டாமுங்க, நாங்களே பண்ணிக்கறோம்."

செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து அந்த ஆடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடைப் பையன் வழக்கம்போல் டீ கொண்டு வைத்துவிட்டுப் போனான். தொடவில்லை. பத்தரை மணிக்கு ஈஸ்வரியம்மாள், "அமுக்கிட்டேனுங்க, கண்ணைத் தொறந்துட்டேதான் அமுக்குனேன்" என்று செய்தி சொன்னார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிடக் கூடாது என்று போனை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தேன். இரண்டு முறை எழுந்து போய், சைலன்டில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கடைசியில் போன் அடித்தது. சூபர்வைசர். பின்னால் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, ஹேச்சர் பக்கத்தில் நின்றுதான் பேசினார்.

"சார், ஒயரப் புடுங்கிப் பாத்தேனுங்க. நம்பரு போயிருச்சு, மணி அடிச்சுது. மறுபடி சொருகுனேன், வந்துருச்சு."

"சரிம்மா."

"மெஷினு காலிதானுங்களே, கதவ அகலமாத் தெறந்து உட்டுட்டு ஈஸ்வரியக்காளைத் திரையப் பாத்துச் சொல்லச் சொன்னேன்." ஹேச்சர் கதவைத் திறக்கவே கூடாது என்று நின்ற பெண், அதைத் திறந்து விட்டதைச் சொல்லும்போது குரலில் சிரிப்பு இருந்தது. "எறங்குதுங்க சார். மூடுனா ஏறுது. நம்பரு நகருதுங்க."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன அந்த டீயை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.